ஊசி முனையில் ஓவியம் தீட்டிய மேரி லின்வுட்

ரஷ்ய நாட்டுச் சக்கரவர்த்தினி காதரீன், இங்கிலாந்தில் இருந்த ஒரு பள்ளிக்கூட ஆசிரியைக்கு 40 ஆயிரம் பவுன் கொடுக்க முன்வந்தார் என்று சொல்வார்கள்.

நிலம் வாங்க அல்ல. நகை வாங்கவும் அல்ல. கம்பளி நூலால் தைத்த படங்களை வாங்குவதற்காக!

பவுன் என்பது இங்கிலாந்து தேசத்து நாணயம். அந்தக் காலத்தில் 40 ஆயிரம் பவுன் என்றால் ஏழு தலைமுறைக்குக் காணும். ஆனால் அந்த ஆசிரியை, முடியாது என்று சொல்லி விட்டார். தன் படங்கள் பிறந்த நாட்டிலேயே இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

அவர் இறந்த பிறகு அதே படங்கள் ஏலத்துக்கு வந்தன. மொத்தமாகக் கிடைத்த தொகை சுமார் ஆயிரம் பவுன்தான்.

அந்த ஆசிரியையின் பெயர் மேரி லின்வுட். வீட்டுச் சுவரில் மாட்டும் தையல் படத்தை ராஜாக்களும் ராணிகளும் வந்து பார்க்கும்படி செய்தவர் அவர். அவருடைய கதையைக் கேளுங்கள்.

கடன்பட்ட குடும்பம்

மேரி லின்வுட் 1755-ம் ஆண்டு இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் பிறந்தார். தகப்பனார் துணி வியாபாரி. வியாபாரம் நொடித்தது. குடும்பம் திவாலாகி விட்டது.

1764-ம் ஆண்டில் அவர்கள் லெஸ்டர் என்ற ஊருக்குக் குடியேறினார்கள். அப்போது மேரிக்கு 9 வயது.

குடும்பத்தைத் தாங்கியவர் தாயார். அவர் மனம் தளரவில்லை. பெண் குழந்தைகள் தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். வசதியுள்ள வீட்டுப் பெண்கள் அங்கே வந்து படித்தார்கள்.

அந்தக் காலத்துப் பெண்கள் பள்ளியில் எழுதப் படிக்கக் கற்றுக் கொடுப்பார்கள். அதோடு தையலும் கட்டாயம். சிறுமிகள் ஒரு துண்டுத் துணியை எடுத்து, அதில் ஏ, பி, சி, டி எழுத்துக்களைத் தைக்க வேண்டும். பிறகு ஒரு வீடு, ஒரு மரம், இரண்டு பறவை என்று தைக்க வேண்டும். கடைசியில் தன் பெயரையும் வயதையும் தைத்து முடிக்க வேண்டும்.

இதற்கெல்லாம் பெரும்பாலும் கிராஸ் ஸ்டிச் என்ற தையல்தான். பெருக்கல் குறி போலக் குறுக்கும் மறுக்குமாக இரண்டு இழை போடுவது. எழுத்தும் ஊசியும் ஒன்றாகவே கைக்கு வந்தன.

மேரியும் அப்படித்தான் பழகினார். ஆனால் மற்றப் பெண்களைப் போல அவர் எழுத்தோடு நிற்கவில்லை. 13 வயதில் ஒரு முழுப் படத்தையே ஊசியால் தைத்து முடித்தார்.

தையல் எப்படி?

மேரி செய்த வேலை கிராஸ் ஸ்டிச் அல்ல. அதை ஊசி ஓவியம் என்று சொல்வதுதான் பொருத்தம்.

ஓவியன் தூரிகையை ஒரே மாதிரி இழுப்பதில்லை. வானத்துக்கு நீளமாக இழுப்பான். கண்ணிமைக்குச் சிறிதாக இழுப்பான். கன்னத்துக்கு வளைத்து இழுப்பான். மேரியின் தையலும் அப்படியே இருந்தது. ஒரு தையல் நீளம், ஒரு தையல் குட்டை, ஒன்று சாய்வு, ஒன்று வளைவு. தூரிகை எந்தப் பக்கம் போயிருக்குமோ, அந்தப் பக்கம் அவருடைய ஊசி போயிற்று.

இதற்காகக் கெட்டியான துணி ஒன்றைத் தனியாகத் தயாரிக்கச் செய்தார். அதன் மேல் படத்தின் கோடுகளை வரைந்து கொள்வார். பிறகு கம்பளி நூலால் தைப்பார். ஒளி வீச வேண்டிய சில இடங்களில் மட்டும் பட்டு நூல் சேர்ப்பார். படம் முடியும்போது அடித் துணி ஒரு துளி கூடத் தெரியாது. முழுவதும் நூலால் மூடியிருக்கும்.

நூல்தான் அவருக்கு வர்ணம். ஓவியன் பலகையில் இரண்டு வர்ணத்தைக் குழைத்து மூன்றாவது வர்ணம் உண்டாக்கலாம். நூலில் அது நடக்காது. ஒரு முகத்தைத் தைக்க வேண்டுமானால், நெற்றிக்கு ஒரு நிறம், கன்னத்துக்கு ஒரு நிறம், மூக்கின் நிழலுக்கு ஒரு நிறம், தாடையின் கீழே ஒரு நிறம் என்று எத்தனையோ நூல்கள் தனித்தனியே வேண்டும்.

நல்ல வேளையாக லெஸ்டர் ஊர் கம்பளிக்குப் பேர் போனது. கம்பளிக் காலுறை பின்னுவது அங்கே பெரிய தொழில். சாயக்காரர்களுக்குப் பஞ்சம் இல்லை. மேரி தன் நூலை அவர்களிடம் கொடுத்து, தன் மேற்பார்வையிலேயே சாயம் தோய்க்கச் செய்தார். தாம் நினைத்த நிறம் வரும் வரை விட மாட்டார்.

தூரத்தில் நின்று பார்ப்பவர்கள் எண்ணெய் வர்ணத்தில் தீட்டிய ஓவியம் என்றே நினைத்தார்கள். பக்கத்தில் போய்ப் பார்த்த பிறகுதான் அத்தனையும் நூல் என்று தெரிந்தது!

மூடியிருந்த கதவு

மேரிக்கு 13 வயது நடந்த 1768-ம் ஆண்டில், லண்டனில் ராயல் அகாடமி என்ற ஓவியர் சங்கம் ஏற்பட்டது. மன்னர் மூன்றாம் ஜார்ஜின் ஆதரவு பெற்ற சங்கம் அது. அங்கே படம் மாட்டப்பட்டால் ஓவியனுக்கு நாடெங்கும் கியாதி.

அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஏஞ்சலிகா காப்மன் ஒருவர். மேரி மோசர் மற்றொருவர். அவர்களுக்குப் பிறகு 1936-ம் ஆண்டு வரை ஒரு பெண்ணைக் கூட முழு அங்கத்தினராகச் சேர்க்கவில்லை!

தையல் வேலைக்கோ அங்கே இடமே கிடையாது. காகிதப் பூ, சிப்பி வேலை முதலியவற்றோடு தையலையும் சேர்த்து, கண்காட்சிக்குள் வரக் கூடாது என்று ஆரம்பக் காலத்திலேயே விதி செய்து விட்டார்கள்.

மேரி மனம் சோரவில்லை. வேறு ஓவியர் சங்கம் ஒன்று இருந்தது. 1776-ம் ஆண்டிலும் 1778-ம் ஆண்டிலும் அதன் கண்காட்சியில் தம் தையல் படங்களை வைத்தார். பார்த்தவர்கள் வியந்தார்கள். லெஸ்டர் ஊர் ஆசிரியையின் பெயர் லண்டனில் பரவத் தொடங்கியது.

அரண்மனைக்குப் போன படங்கள்

செய்தி அரண்மனைக்கும் எட்டியது. படங்களைக் கொண்டு வந்து காட்டும்படி மேரிக்கு அழைப்பு வந்தது. மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பட்டத்து ராணி சார்லட், தையல் வேலையில் மிகுந்த ஈடுபாடு உடையவர். மேரியின் படங்களைப் பார்த்துப் பாராட்டினார்.

1786-ம் ஆண்டில் கலைகளையும் தொழில்களையும் வளர்க்கும் லண்டன் சங்கம் ஒன்று மேரிக்குப் பதக்கம் வழங்கியது. ஓவியத்தை அப்படியே ஊசியில் கொண்டு வந்ததற்காகக் கிடைத்த பரிசு அது.

மறு ஆண்டு லண்டனில் ஆக்ஸ்போர்டு தெருவில் இருந்த பாந்தியன் என்ற மண்டபத்தில் அவருடைய படங்கள் பொதுமக்கள் பார்வைக்கு வந்தன. ராயல் அகாடமியின் கதவு திறக்காவிட்டால் என்ன? மேரி தமக்கென்று ஒரு கதவைத் திறந்து விட்டார்.

எந்தப் படங்களைத் தைத்தார்?

மேரி பெரும்பாலும் பெரிய ஓவியர்கள் தீட்டிய படங்களையே நூலில் எடுத்தார். ரெனால்ட்ஸ், கெயின்ஸ்பரோ, ஸ்டப்ஸ், மார்லண்ட், ஓப்பி, நார்த்கோட் ஆகியோர் அக்காலத்து இங்கிலாந்தின் புகழ் பெற்ற ஓவியர்கள். அவர்களுடைய ஓவியங்கள் மேரியின் ஊசியில் மறு பிறவி எடுத்தன.

அந்தக் காலத்தில் போட்டோ கிடையாது. ஒரு நல்ல ஓவியம் பிரபுவின் மாளிகையில் மாட்டப்பட்டால், வெளியார் பார்க்க முடியாது. மேரியின் கண்காட்சிக்கு வந்தால், காசு கொடுத்து யாரும் பார்க்கலாம். பலருக்குக் கெயின்ஸ்பரோவின் படம் எப்படி இருக்கும் என்று தெரிந்தது மேரியின் நூல் வழியாகத்தான்.

இதிலே ஒரு விசித்திரம். புயலில் சிக்கிய விறகு வெட்டி ஒருவனைக் கெயின்ஸ்பரோ தீட்டியிருந்தார். தம் கடைசிக் காலத்தில் செய்த படம் அது. எக்ஸ்டன் என்ற இடத்தில் ஒரு பிரபுவின் மாளிகையில் இருந்தது. 1810-ம் ஆண்டில் அந்த மாளிகையில் தீப்பிடித்தது. ஓவியம் எரிந்து சாம்பலாகி விட்டது. மேரி தைத்த விறகு வெட்டியோ லண்டனில் பத்திரமாகத் தொங்கிக் கொண்டிருந்தான். மூலப் படம் போன பிறகும் அதன் வர்ணத்தை அங்கே நூலில் பார்க்க முடிந்தது.

லண்டனின் அதிசயம்

1798-ம் ஆண்டில் லண்டனில் ஹனோவர் சதுக்கத்தில் மேரி பெரிய கண்காட்சி ஒன்றைத் திறந்தார். பிறகு படங்கள் எடின்பரோ, டப்ளின் முதலிய ஊர்களுக்கும் சென்றன. ரயில் இல்லாத காலம். குதிரை வண்டியிலும் கப்பலிலும் ஏற்றிச் சென்றார்கள்.

1809-ம் ஆண்டில் லண்டனில் லெஸ்டர் சதுக்கத்தில் இருந்த சாவில் மாளிகையில் கண்காட்சி நிலைத்து விட்டது. மேரியின் ஊரும் லெஸ்டர். லண்டன் சதுக்கத்தின் பெயரும் லெஸ்டர்! சுமார் 35 ஆண்டுகளுக்கு மேல் அந்த இடம் லண்டன் பட்டணத்தின் அதிசயங்களில் ஒன்றாக விளங்கியது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதைப் பார்க்காமல் திரும்ப மாட்டார்கள்.

உள்ளே நுழைந்தால் நீண்ட கூடம். சுவர் முழுவதும் சிவப்புத் துணி. அதன் மேல் வரிசையாகப் படங்கள். தொட்டு விடாதபடி முன்னால் தடுப்பு. எதிரே உட்கார்ந்து பார்க்க ஆசனங்கள்.

கூடத்தைத் தாண்டினால் இருட்டான ஒரு வழி. அதன் முடிவில் சிறைச்சாலை போல ஓர் அறை. உள்ளே லேடி ஜேன் கிரேயின் படம். இங்கிலாந்தில் ஒன்பதே நாள் ராணியாக இருந்து, 1554-ம் ஆண்டில் தலை வெட்டப்பட்ட இளம் பெண் அவர். சிறையின் இருட்டில் அந்தப் படத்தைப் பார்த்தவர்களின் மனம் பதறியது.

இன்னோர் இடத்தில் குடிசை போல அமைத்திருந்தார்கள். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால், அடுப்பு அருகே குழந்தைகள் நிற்பார்கள். அதுவும் தையல் படம்தான். மற்றொரு பக்கம் குகை. அதிலே சிங்கமும் புலியும்!

மாலை நேரத்திலும் மக்கள் பார்க்கும்படி காஸ் விளக்குப் போட்டார்கள். ஒரு படக் காட்சிச்சாலைக்கு முதன் முதலாகக் காஸ் விளக்கு வந்தது அங்கேதான் என்று கூறுவார்கள்.

ஆசிரியை வேலை

இவ்வளவு புகழ் வந்த பிறகும் மேரி லெஸ்டரை விட்டுப் போகவில்லை. தாயார் தொடங்கிய பள்ளிக்கூடத்தைத் தாமே ஏற்று நடத்தினார். 50 ஆண்டு காலம் அவர் ஆசிரியை. கல்யாணம் செய்து கொள்ளவில்லை.

பகலில் பிள்ளைகள், பாடம், சாப்பாடு, கணக்கு வழக்கு. அதற்கிடையே தறி போன்ற சட்டத்தில் கட்டிய துணியும் ஊசியும். பெரிய படம் என்றால் ஆண்டுக் கணக்காகும். அப்படியிருந்தும் கண்காட்சியில் 60-க்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்தன. ஒரு பெண் தம் ஒரு ஜோடிக் கையால் செய்த வேலை அது!

ஆண்டுதோறும் ஒரு முறை லண்டனுக்குப் பயணம் செய்வார். கண்காட்சியைப் பார்த்து வருவார். திரும்ப லெஸ்டருக்கு வந்து பாடம் சொல்லிக் கொடுப்பார்.

பகைவனின் முகம்

முகங்களைத் தைப்பதில் மேரிக்குத் தனித் திறமை இருந்தது. ஜான் ரஸ்ஸல் என்ற ஓவியர் மேரியையே படமாக எழுதியிருந்தார். மேரி அதைப் பார்த்துத் தம் முகத்தையே நூலில் தைத்து வைத்தார்.

ஆனால் எல்லோரும் பேசிக் கொண்டது மற்றொரு முகத்தைப் பற்றி. அது நெப்போலியனின் முகம்!

நெப்போலியன் இங்கிலாந்தின் பரம வைரி. அவன் படையெடுத்து வருவான் என்று ஊர் ஊராக மக்கள் பயந்து கிடந்த காலம் உண்டு. அப்படிப்பட்டவனை மேரி நூலில் எடுத்தார். 1825-ம் ஆண்டில் அவர் தைத்த நெப்போலியன் படம் லண்டனில் விக்டோரியா - ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது. அதற்கு நாலு ஆண்டு முன்பே நெப்போலியன் செயின்ட் ஹெலினா தீவில் கைதியாக இறந்து போயிருந்தான். மேரியின் வேலையை மெச்சி நெப்போலியன் 1803-ம் ஆண்டில் பாரிஸ் நகரத்துக் கௌரவம் ஒன்றை அவருக்கு அளித்தான் என்றும் ஒரு கதை வழங்குகிறது.

மேரியையும் ஓவியர்கள் விடவில்லை. ஜான் ஹாப்னர் என்ற புகழ் பெற்ற ஓவியர் மேரியின் உருவத்தை எண்ணெய் வர்ணத்தில் தீட்டினார். அந்த ஓவியமும் அதே மியூசியத்தில்தான் இருக்கிறது. ஓவியங்களைத் தைத்தவரே ஓவியமாகி விட்டார்!

விற்க மறுத்த படம்

தம் படங்களில் மேரிக்கு உயிரான படம் ஒன்று இருந்தது. கார்லோ டோல்சி என்ற இத்தாலிய ஓவியர் 17-ம் நூற்றாண்டில் தீட்டிய ஏசுநாதர் படத்தைப் பார்த்துத் தைத்தது அது. உலக ரட்சகர் என்று பெயர்.

அதற்கு ஒருவர் 3 ஆயிரம் கினி தர முன்வந்தார். கினி என்பது பவுனை விடச் சற்றுக் கூடுதலான நாணயம். மேரி கொடுக்க மறுத்து விட்டார்.

காதரீன் சக்கரவர்த்தினி மொத்தமாகக் கேட்டபோதும் மறுப்பு. தனிப் படத்துக்கு விலை பேசியபோதும் மறுப்பு. கையால் செய்த படங்கள் பிரிந்து போகக் கூடாது, ஒன்றாக இங்கிலாந்திலேயே இருக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

கட்டம் போட்ட காகிதம்

இதற்கிடையே ஜெர்மனியில் ஒரு புதுமை நடந்தது.

பெர்லின் நகரத்தில் 1804-ம் ஆண்டு வாக்கில் ஒருவர் கட்டம் போட்ட காகிதத்தில் படம் அச்சிட்டார். ஒவ்வொரு கட்டத்துக்கும் கையால் வர்ணம் பூசினார்கள். ஒரு கட்டம் என்றால் ஒரு தையல். சிவப்புக் கட்டத்துக்குச் சிவப்பு நூல். பச்சைக் கட்டத்துக்குப் பச்சை நூல். எண்ணிக் கொண்டே போட்டால் படம் தானாக வந்து விடும்!

1810-ம் ஆண்டில் அதே பெர்லினில் விட்டிச் என்ற படக் கடைக்காரர் இந்தத் தொழிலில் இறங்கினார். அதற்குத் தூண்டுதல் அவருடைய மனைவி. அவர் தையலில் கைதேர்ந்தவர். 1831-ம் ஆண்டில் லண்டனில் ரீஜன்ட் தெருவில் வில்க்ஸ் என்பவர் இந்தக் கட்டப் படங்களையும் பெர்லின் கம்பளி நூலையும் ஏராளமாக வரவழைத்து விற்கத் தொடங்கினார். 1840-ம் ஆண்டுக்குள் 14 ஆயிரம் விதமான படங்கள் அச்சாகி விட்டன என்று அக்காலத்துத் தையல் நூல் ஒன்று கூறுகிறது.

இது முழுக்க முழுக்கச் சாதாரணத் தையல். பெரும்பாலும் கிராஸ் ஸ்டிச். படம் வரையத் தெரிய வேண்டாம். நிறம் தேர்ந்தெடுக்க வேண்டாம். சாயக்காரரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். எண்ணத் தெரிந்தால் போதும்.

வீடுகளின் தோற்றமே மாறியது. நாற்காலித் துணி, தலையணை உறை, கால் வைக்கும் மணை, கணப்புக்கு முன் வைக்கும் தடுப்பு எல்லாவற்றிலும் கம்பளிப் பூக்கள். சுவரிலே கண்ணாடிச் சட்டம். அதற்குள் ராஜ குடும்பத்தார் முகம், ஓவியர் லாண்ட்சீரின் நாய், கிளி, ரோஜாப்பூ. வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கு, இது எங்கள் பெண் தைத்தது என்று பெருமையோடு காட்டினார்கள். நம் நாட்டு வீடுகளிலும் தையல் வகுப்புக்குப் போன பெண்கள் போட்ட நாய்க்குட்டியும் கிளியும் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்து வாசலைப் பார்த்ததுண்டு.

மேரி செய்தது ஒரு வழி. பெர்லின் காகிதம் காட்டியது மற்றொரு வழி. மேரியின் வழியில் போக அசாத்தியத் திறமை வேண்டும். பெர்லின் வழியில் யாரும் போகலாம். ஊசியால் முகம் வரையலாம், அதைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்று ஊருக்குக் காட்டியவர் மேரி. அந்த ஆசையை வீட்டுக்கு வீடு நிறைவேற்றியது கட்டம் போட்ட காகிதம்.

மங்கிய புகழ்

நாகரிகம் மாறிக் கொண்டே இருக்கும். 1798-ல் லண்டனே வியந்த படங்கள், 1840-ல் இளைஞர்களுக்குப் பழசாகத் தோன்றின. கூடத்தில் கூட்டம் குறைந்தது.

நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் தம் டேவிட் காப்பர்பீல்டு நாவலில் இந்தக் கண்காட்சியைக் குறிப்பிடுகிறார். கல்லறை மண்டபத்துக்குள் போனது போல இருந்தது என்ற பொருளில் கேலி செய்திருக்கிறார். அந்த நாவல் வெளிவந்தது 1849-ம் ஆண்டிலும் 1850-ம் ஆண்டிலும். நல்ல காலம், அதைப் படிக்க மேரி உயிரோடு இல்லை.

ஆனால் மேரி கடைசி வரை ஊசியைக் கீழே வைக்கவில்லை. பைபிளில் வரும் காயீன் கதையை எடுத்துக் கொண்டார். தம்பியைக் கொன்றதற்காகக் காயீனுக்குக் கடவுள் தீர்ப்புக் கூறும் காட்சி. அந்தப் படத்துக்குச் சுமார் 10 ஆண்டுகள் பிடித்தன. எழுபது வயதைத் தாண்டிய பிறகும் உட்கார்ந்து தைத்தார்!

வழக்கம் போல லண்டனுக்குச் சென்றபோது இன்புளுயன்சா காய்ச்சல் கண்டது. லெஸ்டருக்குத் திரும்பிய அவர் 1845-ம் ஆண்டு மார்ச் மாதம் காலமானார். அப்போது வயது 89. லெஸ்டரில் செயின்ட் மார்கரெட் கோயிலில் அவரை அடக்கம் செய்தார்கள்.

உலக ரட்சகர் படத்தை விக்டோரியா ராணிக்கு என்று உயில் எழுதி வைத்திருந்தார். 3 ஆயிரம் கினிக்குக் கொடுக்காத படம், ராணிக்கு இனாமாகப் போய்ச் சேர்ந்தது.

ஏலம்!

மற்றப் படங்கள் என்ன ஆயின?

நாட்டுக்காக ஏற்றுக் கொள்ளும்படி பிரிட்டிஷ் மியூசியத்துக்குத் தெரிவிக்கப்பட்டது. மியூசியம் வேண்டாம் என்று விட்டது. பிரபுக்கள் சபையும் ஏற்கவில்லை.

கடைசியில் கிறிஸ்டி என்ற ஏலக் கம்பெனியில் 1846-ம் ஆண்டு ஏலம் போட்டார்கள். 10 ஆண்டு உழைத்துத் தைத்த காயீன் படம் 64 பவுன் சொச்சத்துக்குப் போயிற்று. கெயின்ஸ்பரோவின் விறகு வெட்டி 33 பவுன் சொச்சம். லேடி ஜேன் கிரே 24 பவுன் சொச்சம். பூனைக்குட்டியோடு இருக்கும் பெண்ணின் படம் 10 பவுன் சொச்சம். எல்லாம் சேர்ந்தும் சுமார் ஆயிரம் பவுனைத் தாண்டவில்லை.

40 ஆயிரம் எங்கே? ஆயிரம் எங்கே?

மேரி செய்தது தவறா? சக்கரவர்த்தினி கேட்டபோதே கொடுத்திருந்தால் பணம் குவிந்திருக்கும். ஆனால் படங்கள் கண்காணாத அரண்மனைக்குப் போயிருக்கும். 40 ஆண்டுக்கு மேல் லண்டன் மக்கள் காசு கொடுத்து, கூட்டம் கூட்டமாக வந்து அவற்றைப் பார்த்திருக்க முடியாது. தாம் வாழ்ந்த காலம் முழுவதும் தம் படங்கள் ஒரே கூரையின் கீழ் இருப்பதை மேரி கண்ணாரக் கண்டார். அவர் கேட்டது அதுதான். அது அவருக்குக் கிடைத்தது.

விலை விழுந்ததற்குக் காரணங்கள் உண்டு. கம்பளியைப் பூச்சி அரிக்கும். சாயம் வெயிலில் வெளுக்கும். மற்றவர் ஓவியத்தைப் பார்த்துச் செய்தது என்ற குறையும் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தூரிகையால் செய்தால் கலை, ஊசியால் செய்தால் கைவேலை என்ற எண்ணம் பெரிய மனிதர்களின் மனத்தில் ஊறிக் கிடந்தது.

மிஞ்சியது என்ன?

கண்காட்சி நடந்த சாவில் மாளிகை 1865-ம் ஆண்டில் தீப்பிடித்து எரிந்தது. சிவப்புத் துணி போட்ட கூடமும், சிறைச்சாலை அறையும், சிங்கக் குகையும் இருந்த இடம் தெரியாமல் போயின. படங்கள் அதற்கு முன்பே விலை போய் விட்டதால், ஏலத்தில் சிதறிய சில படங்கள் தப்பிப் பிழைத்தன.

அவற்றில் சிலவற்றை லெஸ்டர் நகர மியூசியம் பாதுகாத்து வருகிறது. ஒரு காலத்தில் அந்த ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கும் மேரி லின்வுட்டின் பெயரை வைத்திருந்தார்கள். அரை நூற்றாண்டு ஆசிரியையாக இருந்தவருக்கு அது பொருத்தமான மரியாதை.

தையல் வேலையும் கலைதான் என்பதைப் பிற்காலத்து அறிஞர்கள் ஒப்புக் கொண்டார்கள். பெண்களின் கலையைப் பற்றி ஆராய்கிறவர்கள் மேரியின் பெயரைத் தேடி எடுத்து எழுதுகிறார்கள். பிரிட்டிஷ் மியூசியம் வேண்டாம் என்று தள்ளிய கைவேலைக்கு, அதே லண்டனில் மற்றொரு மியூசியம் இடம் கொடுத்து வைத்திருக்கிறது.

அங்கே நெப்போலியனின் முகத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு தையலும் தெரியும். நாலு அடி பின்னால் வந்தால் நூல் மறைந்து விடும். முகம் மட்டும் நிற்கும். அதைத் தைத்தபோது மேரி லின்வுட்டுக்கு வயது 70.